37ஆம் பக்கத்தில் நின்றுபோன வாசிப்பு

அலமாரியைத் துடைக்கும்போது அந்த நாவல் கையில் வந்தது. தொள்ளாயிரத்துச் சொச்சம் பக்கம். பக்க அடையாளத்துக்கு ஒரு பழைய மருந்துச் சீட்டைச் செருகியிருந்தேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதி பழுப்பேறியிருந்தது. உள்ளே இருந்த பகுதி நேற்று எழுதிக் கொடுத்ததுபோல வெள்ளையாக இருந்தது. சீட்டில் தேதி இருந்ததால் கணக்குப் போடுவது எளிது. பதினான்கு மாதம். செருகியிருந்த இடம் 37ஆம் பக்கம்.

இந்தப் பதினான்கு மாதத்தில் வேறு எந்தப் புத்தகத்தையும் முழுதாக முடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாங்குவது மட்டும் நிற்கவில்லை. வாங்கிய புத்தகங்களைப் படிக்காமல் குவித்து வைப்பதற்கு ஜப்பானிய மொழியில் 'சுண்டோக்கு' என்று தனிச்சொல்லே உண்டு. ஒரு நோய்க்குப் பெயர் இருக்கிறது என்று தெரிந்தால் வரும் ஆறுதல் எனக்கும் வந்தது. அது இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

ஒரு காலத்தில் பல் துலக்கும்போதுகூட ஒரு கையில் புத்தகம் வைத்திருந்தவன் நான். (இப்படிச் சொல்லிக்கொள்ளாத பழைய வாசகர் ஒருவரையும் இதுவரை நான் பார்த்ததில்லை.) எனவே ஆர்வம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நேரமும் இல்லாமல் இல்லை. இரவு ஒரு மணி நேரம் கைப்பேசியில் எதையோ தள்ளிக்கொண்டிருக்க நேரம் இருக்கிறது.

வீட்டில் மின்விசிறி, மிக்ஸி, குழாய் எது நின்றாலும் ஆள் கூப்பிடுவதற்கு முன் நானே ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுவேன். பாதி நேரம் சரியாகிவிடும். மீதி நேரம் வருகிறவருக்குக் கூடுதல் வேலை. விசிறி சுற்றவில்லை என்றால் மோட்டாரைக் குறை சொல்லும் முன் சுவிட்சைப் பார்க்க வேண்டும், பிறகு ரெகுலேட்டர், பிறகு கன்டென்சர். இதையும் அப்படியே பார்ப்போம் என்று ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். ஐந்து மாதமாக அதில் குறித்தவற்றிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சுவிட்ச்

யாரைக் கேட்டாலும் கைப்பேசியைத் தூர வை என்கிறார்கள். நானும் அங்கேதான் தொடங்கினேன். முதல் நாள் மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். நிமிர்ந்து கிடப்பதைவிடக் கவிழ்ந்து கிடப்பது மோசம். அடியில் என்ன வந்திருக்கும் என்ற யோசனை ஓயவே ஓயாது. 2017இல் ஏட்ரியன் வார்டும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வில், கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தவர்களைவிட அடுத்த அறையில் விட்டுவந்தவர்கள் நினைவுத்திறன் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னால் அதைத் திரும்பச் செய்து பார்த்த எல்லோருக்கும் அதே விடை கிடைக்கவில்லை. ஆகையால் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், செய்து பார்ப்பதில் நட்டமில்லை என்ற அளவில் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த அறை எனக்குப் போதவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எடுத்துவிடுவேன். கடைசியில் பரண்மேல் வைத்தேன். ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும். அழைப்பு மணியை மட்டும் உரக்க வைத்துவிட்டு மற்ற எல்லா ஓசைகளையும் நிறுத்தினேன். அவசரம் என்றால் ஆள் கூப்பிடுவார். அவசரம் இல்லாதவர் எழுதுவார். இந்த ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை.

இரண்டு வாரம் இப்படிப் போனது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல் இருபது நிமிடம் உட்கார முடிந்தது. ஆனால் பக்கம் நகரவில்லை. கண் வரிமேல் இருக்கிறது, கை புத்தகத்தைப் பிடித்திருக்கிறது, கதை மட்டும் உள்ளே இறங்கவில்லை. சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது, பழுது வேறெங்கோ என்று நோட்டில் எழுதினேன்.

அட்டைச் சோதனை

ஊகம் செய்வதை விட்டுவிட்டு அளந்து பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். அஞ்சலட்டை அளவில் ஓர் அட்டை, ஒரு பென்சில், ஒரு கடிகாரம். படிக்கும்போது கவனம் அறுந்துபோகும் ஒவ்வொரு முறையும் அட்டையில் ஓர் எழுத்து எழுத வேண்டும். கைப்பேசி நினைப்பு வந்தால் 'கை'. அலுவலக நினைப்பு வந்தால் 'வே'. தூக்கம் சொக்கினால் 'தூ'. ஒரே வரியை மறுபடி படிக்க நேர்ந்தால் 'தி'. அப்படித் திரும்பிய இடத்தில் புத்தகத்திலேயே மெல்லியதாக ஒரு கோடும் போட்டுவைத்தேன். புத்தகத்தில் கோடு போடுவது பாவம் என்று நினைக்கும் கட்சியைச் சேர்ந்தவன்தான் நான். சோதனைக்காக விதிவிலக்கு.

இருபத்தைந்து நிமிடம். படித்தது ஆறு பக்கம். அட்டையில் மூன்று 'கை', ஐந்து 'வே', ஒரு 'தூ', பதினான்கு 'தி'.

கைப்பேசிதான் குற்றவாளி என்று இரண்டு வாரமாகத் தண்டித்துக்கொண்டிருந்தேன். அதன் பங்கு வெறும் மூன்று.

திரும்பிப் படிப்பது கொஞ்சம் எல்லோருக்கும் உண்டு. படிக்கும்போது கண் வரியின்மேல் ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவித்தான் போகிறது. 1879இல் பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் ஜாவால் இதை எழுதினார். ஒவ்வொரு தாவலுக்கும் நடுவே கால் நொடி போலக் கண் நின்று பார்க்கிறது. நன்றாகப் படிக்கப் பழகியவர்களுக்கும் பத்துத் தாவலுக்கு ஒன்றாவது பின்னோக்கி இருக்கும். ஆனால் அது நமக்கே தெரியாமல் நடப்பது. என் அட்டையில் விழுந்தவை அந்தச் சின்னத் தாவல்கள் அல்ல. ஒரு வாக்கியத்தின் கடைசிவரை போய், பொருள் ஒட்டாமல், தொடக்கத்துக்கே வந்து நின்றவை.

கோடு போட்ட இடங்களை வரிசையாகப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அவற்றில் கடினமான சொல் எதுவும் இல்லை. 'வந்து' என்று இருந்ததை 'வந்த' என்று படித்திருக்கிறேன். 'கோடி' என்பது 'கொடி' ஆகியிருக்கிறது. ஓரிடத்தில் 'மேல்' என்பதை 'மெல்ல' என்று தொடங்கி, அடுத்த எழுத்து ஒத்துவராமல் பின்வாங்கியிருக்கிறேன். நம் எழுத்தில் ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். 'த'வுக்கும் 'து'வுக்கும் ஒரு வால். மெய்யெழுத்துக்கு ஒரு புள்ளி. அந்தச் சுழியும் வாலும் புள்ளியும் எனக்குத் தெரியவில்லை. முழுதாகத் தெரியாமல் இல்லை. மூளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும் அளவுக்குத் தெரிந்தது. 'வந்த' என்று படித்துவிட்டால் அடுத்து ஒரு பெயர் வரும் என்று மனம் காத்திருக்கும். வினை வந்து நிற்கும். வாக்கியம் கவிழ்ந்துவிடும். மறுபடி தொடக்கத்துக்குப் போக வேண்டும். இப்படி ஆறு பக்கத்தில் பதினான்கு முறை கவிழ்ந்தால் யாருக்குத்தான் அலுப்பு வராது? அந்த அலுப்பைத்தான் நான் 'ஆர்வம் போய்விட்டது' என்று பல மாதமாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தை எட்டிப் பிடித்துப் பார்த்தேன். கை முழுதும் நீண்டபோது கொம்புகள் தெளிந்தன. ஆனால் அந்தத் தூரத்தில் எழுத்து பொடியாகிவிட்டது.

வெள்ளெழுத்து

வயது 46. கண் மருத்துவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். நாற்பதைத் தாண்டும்போது கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் நெகிழ்வு குறைந்துகொண்டே வருகிறது. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க அது குவிய வேண்டும், குவிய மறுக்கிறது. வெள்ளெழுத்து என்ற சொல்லைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். பாட்டி கடிதத்தை எட்டிப் பிடித்துத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு படிப்பார். அது பாட்டிகளுக்கு வருவது என்று வைத்திருந்தேன்.

இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டேன். "வேலை என்ன?" என்றார் மருத்துவர். நாள் முழுதும் கணினியில் அறிக்கைகள் படிப்பது என்றேன். "எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே வந்திருப்பீர்கள்" என்றார். உண்மைதான். திரை இரண்டு அடிக்கு மேல் தள்ளி இருக்கிறது, எழுத்தும் நூற்றைம்பது சதவீதத்தில் நிற்கிறது. எப்போது ஏற்றினேன் என்றே நினைவில்லை. அச்சுப் புத்தகத்தில் அந்த வசதி கிடையாது. புத்தகத்தைப் பிடிக்கும் தூரம் சுமார் 40 சென்டிமீட்டர்; எனக்குப் பழுது தெரிந்ததும் அந்தத் தூரத்தில்தான்.

வலக் கண்ணுக்கு பிளஸ் 1.25, இடக் கண்ணுக்கு பிளஸ் 1.5. சோதிக்காமல் கையில் கிடைத்த வாசிப்புக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதில் இரண்டு பக்கமும் ஒரே பவர்தான் இருக்கும். தவிரவும், கண்ணுக்குள் அழுத்தம் போன்றவற்றை இந்தச் சாக்கில்தான் சோதித்துச் சொல்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் மனவுறுதி, ஒழுக்கம், சோம்பல் என்று தங்களையே திட்டிக்கொள்ளும் முன் ஒருமுறை கண்ணைக் காட்டிவிடுவது நல்லது. இந்தப் பதிவில் நான் உரக்கச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

கண்ணாடி வந்த மாலை நன்றாக நினைவிருக்கிறது. அட்டைச் சோதனையில் படித்த நாவலின் அதே ஆறு பக்கத்தைத் திறந்தேன். புள்ளிகள் எல்லாம் எழுத்துக்கு மேலே தனித்தனியாக, யாரோ அப்போதுதான் ஊசியால் குத்தி வைத்ததுபோல நின்றன. காகிதத்தின் நார்கூடத் தெரிந்தது. ஓர் 'ணை'யின் வளைவில் மை கொஞ்சம் ஊறிப் பரவியிருந்தது. அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன்.

விளக்கையும் அதே வாரம் மாற்றினேன். கூரை விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தது. என் தலையின் நிழல் சரியாகப் பக்கத்தின்மேல் விழும். மேசை விளக்கு ஒன்றை எடுத்துத் தோளுக்குப் பக்கத்தில், சற்று மேலே இருக்கும்படி வைத்தேன். சின்ன விளக்கைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் பக்கத்தில் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். பள்ளியில் படித்த இயற்பியல் இத்தனை வருடம் கழித்து உதவிக்கு வந்தது. பல்பை மாற்றுவதைவிட விளக்கை நகர்த்துவதே மேல். ஆனால் வழவழப்பான தாளில் வெளிச்சம் நேராகப் பட்டால் பளபளக்கும். புத்தகத்துக்கு ஏற்ப விளக்கின் கழுத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து அட்டைச் சோதனையைத் திரும்பச் செய்தேன். அதே இருபத்தைந்து நிமிடம். பதினொரு பக்கம். 'தி' பதினான்கிலிருந்து நான்காக இறங்கியிருந்தது. 'கை' இரண்டு. 'வே' மட்டும் அதே ஐந்து.

எந்த நாய்?

'வே' என்றால் அலுவலகக் கவலை என்றுதான் நினைத்திருந்தேன். அது வேறு வகையான பழுது என்பதை என் மகள் காட்டிக்கொடுத்தாள்.

ஒரு சிறுகதையைப் படித்து முடித்துவிட்டு மகிழ்ச்சியோடு புத்தகத்தை மூடினேன். பல மாதத்துக்குப் பிறகு முழுதாக முடித்த முதல் கதை. அவள் ஏற்கெனவே படித்த கதை அது.

"எப்படி இருந்தது அப்பா?"

"நன்றாக இருந்தது. கடைசியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்துவிடுகிறார்கள்."

"நாய்?"

"எந்த நாய்?"

அவள் ஒன்றும் பேசாமல் புத்தகத்தை வாங்கினாள். மூன்றாவது பத்தியைக் காட்டினாள். நாய் இருந்தது. கதையின் நடுவே இன்னோர் இடத்தைக் காட்டினாள். அங்கேயும் இருந்தது. கடைசிப் பத்தியில், நான் மகிழ்ச்சியோடு மூடிய அதே பக்கத்தில், இரண்டு பேருக்கும் நடுவே படுத்திருந்தது.

"அது தொலைந்துபோனதால்தானே அவர்கள் பேசிக்கொள்ளவே ஆரம்பிக்கிறார்கள்?" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள்.

அன்றிரவு நான் எப்படிப் படிக்கிறேன் என்று என்னையே கவனித்தேன். பத்தியின் முதல் வரியை முழுதாகப் படிக்கிறேன். இரண்டாவது வரியில் பாதி. பிறகு இடது ஓரமாகவே இறங்கி, அடுத்த பத்திக்குப் போய்விடுகிறேன். உரையாடல் வந்தால் நிற்கிறேன். வருணனை வந்தால் தாண்டுகிறேன். இது அலுவலகத்தில் அறிக்கை படிக்கும் முறை. திரையில் படிப்பவர்களின் கண்ணைப் பின்தொடர்ந்து பார்த்து, அது ஆங்கிலத்தின் 'எஃப்' எழுத்து வடிவில் போகிறது என்று ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதினார்: மேலே ஒரு படுக்கைக் கோடு, கொஞ்சம் கீழே சிறிய இன்னொன்று, பிறகு இடது ஓரத்தில் நேராக இறக்கம். சம்பளம் வாங்குவதற்கு அந்த முறை எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. நாற்பது பக்க அறிக்கையில் முடிவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவேன். கதையில் பிடிக்க வேண்டிய முடிவு என்று ஒன்று இல்லை. நாய்தான் இருக்கிறது.

இதற்கு இரண்டு வைத்தியம் செய்தேன். அட்டையை எடுத்து, படிக்கும் வரிக்குக் கீழே வைத்து மறைத்துக்கொண்டேன். வரி முடிந்தால்தான் அட்டை கீழே இறங்கும். கீழே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் தாவ இடமில்லை. முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது, சைக்கிளுக்குப் பின்சக்கரத்தில் கட்டை வைத்து ஓட்டுவதுபோல. ஒன்பதாவது நாள் அட்டை கீழே விழுந்ததைக் கவனிக்காமல் படித்துக்கொண்டிருந்தேன். அத்தோடு விட்டுவிட்டேன்.

இரண்டாவது, உட்கார்ந்ததும் முதல் இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படிப்பது. குரல் தாவாது. வாய்க்கு ஒவ்வொரு சொல்லும் வேண்டும். ஆங்கிலத்தில் கதை அல்லாத உரைகளை மௌனமாகப் படிப்பவர்களின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல் என்றும், வாய்விட்டுப் படிக்கும்போது 183 என்றும் மார்க் பிரிஸ்பேர்ட் 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார். அந்த எண்களைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. 'போய்விட்டிருந்தவர்களுக்கும்கூட' என்று நாம் ஒரே மூச்சில் எழுதுவதை ஆங்கிலம் ஏழெட்டுச் சொல்லாகப் பிரிக்கும். ஆனால் குரல் கண்ணைவிட மெதுவானது என்பது எந்த மொழியிலும் மாறாது. இரண்டு பக்கம் குரலோடு போனபின் மூன்றாவது பக்கத்திலும் கண் அந்த நடையையே பிடித்துக்கொள்கிறது. வாக்கியத்துக்கு ஓர் ஓசை இருந்தது என்பதே மறந்துபோயிருந்தது; அது திரும்ப வந்தது. வீட்டில் முதல் வாரம் எல்லோரும் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள்.

எந்தப் புத்தகம்

தொள்ளாயிரம் பக்க நாவலை மறுபடி அலமாரியில் வைத்தேன். கைகால் முறிந்து எழுந்தவனை முதல் நாளே மலை ஏறச் சொல்வதில்லை. அலமாரியில் படிக்காமல் இருந்தவற்றை எல்லாம் கீழே இறக்கி, ஒவ்வொன்றையும் எதற்காக வாங்கினேன் என்று கேட்டுக்கொண்டேன். முப்பத்தொரு புத்தகம். யாரோ புகழ்ந்தார்கள், விருது வாங்கியது, தள்ளுபடியில் கிடைத்தது, படித்தவன் என்று சொல்லிக்கொள்ள உதவும். கடைசிக் காரணத்தை நோட்டில் எழுதக் கூச்சமாக இருந்தது, ஆனால் அந்தக் குவியல்தான் உயரமாக இருந்தது. 'இப்போதே திறந்து பார்க்க ஆசையாக இருக்கிறது' என்ற குவியலில் விழுந்தவை நான்கு.

அந்த நான்கிலும் முதலில் எடுத்தது, பதின்மூன்று வயதில் படித்து, பிறகு மறுபடி வாங்கித் திறக்காமல் வைத்திருந்த ஒரு மெல்லிய துப்பறியும் கதை. கொலைகாரர் யார் என்று தெரியும். தெரிந்தும் இரண்டே மாலையில் முடித்துவிட்டேன். தெரிந்த வழியில் நடப்பதால் கால் தடுக்கவில்லை. சின்ன வயதில் கவனிக்காத இடங்களில் நின்று பார்க்கவும் முடிந்தது. வாசிப்பு விட்டுப்போனவர்களுக்கு நான் சொல்லும் முதல் மருந்து, முன்பு பிடித்திருந்த ஒன்றைத் திரும்பப் படிப்பது. கௌரவம் பார்க்க வேண்டியதில்லை.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடுவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. ஒன்றை விட முடியாததால் அடுத்ததைத் தொடாமல் பதினான்கு மாதம் போயிருக்கிறது. அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் இதற்கு ஒரு கணக்கு சொல்கிறார். ஐம்பது வயதுவரை உள்ளவர்கள் ஐம்பது பக்கம் படித்துப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து வரும் பக்கம்வரை போனால் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம். நூறு வயதானவர் அட்டையைப் பார்த்தே முடிவு செய்யலாம். கணக்கு சரியா தவறா என்பதைவிட, வெளியிலிருந்து ஒருவர் அனுமதி கொடுத்ததுபோல இருந்தது எனக்கு உதவியது. எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அதைக் கொஞ்சம் வளைத்து, அந்த வாசகர் நான்தான் என்று கட்டாயம் இல்லை என்று வைத்துக்கொண்டேன். ஐந்து மாதத்தில் ஆறு புத்தகங்களை நடுவில் விட்டிருக்கிறேன். ஒன்றை 48ஆம் பக்கத்தில் விட இருந்தேன். மீதி இரண்டு பக்கத்தையும் படித்துவிடலாம் என்று போய், விடிகாலை வரை உட்கார்ந்துவிட்டேன்.

நாற்காலியும் நேரமும்

படுக்கையில் படிக்க வேண்டும் என்பது பலருடைய ஆலோசனை. எனக்கு அது தூக்க மாத்திரை. இரண்டாவது பக்கத்தில் புத்தகம் மூக்கில் விழும், மறுநாள் எங்கே விட்டேன் என்றே தெரியாது. ஆகவே மாலையில், வேலை முடிந்து வந்ததும், வேறு எதையும் தொடுவதற்கு முன் இருபது நிமிடம் என்று மாற்றினேன்.

இதில் ஒரு சின்னத் தந்திரம் வேலை செய்தது. புத்தகத்தை அலமாரியிலோ மேசையிலோ வைக்காமல், நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் மேலேயே வைத்துவிட்டுக் காலையில் கிளம்புவேன். மாலையில் வந்து உட்கார வேண்டும் என்றால் அதைக் கையில் எடுத்தே ஆக வேண்டும். எடுத்தபின் கீழே வைப்பதற்குத்தான் தனியாக ஒரு முடிவு தேவைப்படுகிறது. சோம்பேறித்தனத்தை எதிர்த்துப் போராடாமல், அதையே வேலைக்கு வைத்துக்கொண்டேன்.

பழக்கம் ஒட்ட இருபத்தொரு நாள் போதும் என்று ஒரு கணக்கு எங்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம்ப வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக எடுத்த காலத்தின் நடுமட்டம் 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. ஓரிரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பதும் அதில் உண்டு. எனக்கு நடுவில் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் விட்டுப்போனது. பழைய நானாக இருந்தால் 'எல்லாம் போயிற்று' என்று நோட்டையே மூடியிருப்பேன். பத்தாவது நாள் நாற்காலிமேல் புத்தகம் அப்படியே இருந்தது. எடுத்தேன், உட்கார்ந்தேன்.

நானே உண்டாக்கிய பழுது

மூன்றாவது மாதம் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஓர் அட்டவணை போட்டேன். நாள், பக்கம், மொத்தம், ஆண்டு இறுதிக்குள் முப்பது புத்தகம் என்ற இலக்கு. கணினியில் கோடு மேலேறுவதைப் பார்க்க அழகாகவே இருந்தது.

மூன்று வாரத்தில் மூன்று மாற்றங்கள். மெல்லிய புத்தகங்களாக எடுக்கத் தொடங்கினேன். வருணனையைத் தாண்டும் பழைய வியாதி திரும்பியது. ஒரு மாலை, அருமையான ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, இன்னும் நான்கு பக்கம் போனால் இன்றைய கணக்கு சரியாகிவிடும் என்ற எண்ணம் குறுக்கே வந்தது. அங்கேயே நிறுத்தினேன். அலுவலகத்திலிருந்து தப்பித்து வந்த இடத்தில் நானே இன்னோர் அலுவலகம் திறந்திருக்கிறேன்.

1973இல் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரையப் பிரியப்படும் குழந்தைகள் அவர்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள்; சொன்னபடி கொடுக்கவும் செய்தார்கள். பிறகு, பரிசு எதுவும் இல்லாமல் பேனாக்களை வைத்துவிட்டுப் பார்த்தபோது, அந்தப் பிரிவுக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். அட்டவணையை அழித்தேன். முடித்த புத்தகத்தின் பெயரை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன், எண் போடாமல்.

மின்நூல் பற்றிக் கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, தகவல் சார்ந்த உரைகளைக் காகிதத்தில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்கிறது. கதைகளில் அந்த வித்தியாசம் தென்படவில்லை. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி எனக்கு ஈர்ப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் திரை என்றாலே என் கண் 'எஃப்' போடத் தொடங்கிவிடுகிறது. பயணத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

இப்போதைய நிலை

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது முறையாக அட்டையையும் பென்சிலையும் எடுத்துவைத்து உட்கார்ந்தேன். முறையாகச் செய்து, முதல் எண்களோடு ஒப்பிட்டு இங்கே எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். சோதனை கெட்டுப்போனது. நிமிர்ந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அட்டையில் மூன்று எழுத்துகள்தான், மூன்றும் முதல் பத்து நிமிடத்தில் எழுதியவை. அதன்பின் மனம் எங்கும் போகவில்லை என்று சொல்ல மாட்டேன். குறிக்க மறந்துவிட்டேன்.

சரியாகாதவையும் இருக்கின்றன. கனமான கட்டுரை நூல் என்றால் பத்துப் பக்கத்துக்கு மேல் இன்னும் முடியவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் எதைப் படித்தாலும் மறுநாள் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுவதில் தினமும் ஐந்து நிமிடம் போகிறது. அதற்கும் நாற்காலி முறையே பொருந்தும் என்று புத்தகத்தின் மேலேயே வைத்துப் பார்த்தேன், ஒரு நாள் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். கால் ஒன்றை நானே திருகி நிமிர்த்தியிருக்கிறேன், இடப் பக்கம் சற்றுத் தாழ்ந்து நிற்கிறது.

தொள்ளாயிரம் பக்க நாவலை நேற்றுதான் மறுபடி இறக்கினேன். மருந்துச் சீட்டை எடுத்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். முன்பு படித்த 37 பக்கத்தில் ஒரு வரிகூட நினைவில் இல்லை. ஐந்தாவது பக்கத்தில் கிணற்றடியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் யார் என்று இன்னும் தெரியவில்லை. மகளிடம் கேட்கலாம், அவள் இதைப் படித்துவிட்டாள். கேட்கவில்லை.